துரையின் புல்தரைக்கு இறங்கிய மேசை

மலைச்சரிவில் ஒரு மேசை ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு ஆண்கள் அதன் கால்களைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியிருந்தார்கள். தேயிலைச் செடிகள் ஆட்களைப் பாதி மறைத்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் மேசையே தனியாக மலையேறுவது போல இருந்திருக்கும். பின்னால் இரண்டு கதிரைகள், ஒரு வெள்ளை விரிப்பு, மைப்புட்டி, ரப்பர் முத்திரை, கண்டி அரசாங்கக் காரியாலயத்தில் எங்கள் மேலதிகாரியாக இருந்தவர் குடிப்பதற்கு ஒரு சோடாப் போத்தல்.

"மெதுவாப் போங்கடா. கல்யாணப் பொண்ணு வழுக்கிறப் போவுது" என்றார் முன்காலைப் பிடித்திருந்தவர்.

"பொண்ணு ரொம்பக் கனக்குதுண்ணே. வேற வீடு பாத்திருக்கலாம்" என்றார் பின்காலைப் பிடித்திருந்தவர்.

மழை விட்டிருந்தது. இலைகளில் தங்கிய நீர் எங்கள் காற்சட்டைகளை முழங்கால்வரை நனைத்தது. கீழே தொழிற்சாலையிலிருந்து கொழுந்து வாடும் வாசம் வந்தது. கண்டிக்குப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டம் அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்று அதை நடத்துகிறவர்கள் இந்த இதழின் சந்தாதாரர்கள் என்று கேள்வி.

மேசை போய்க்கொண்டிருந்த இடம் மலையுச்சியில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காடு. அதை வெட்டி மரவள்ளி நடுவதற்காக, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். பங்கு பிரிக்க அரசாங்கத்துக்கு ஒரு மேசை வேண்டும். அந்தக் காடு வெட்டப்படக் கூடாது என்று சொன்ன ஒரே ஆள், ஊர்வலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். சாறியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து அணிந்திருந்த அந்தப் பெண்ணின் பெயர் நாகேஸ்வரி. மண் பாதுகாப்பு உத்தியோகத்தர்.

படம் மாட்டப்படாதவர்கள்

இந்தத் தொடரில் பெரிய மனிதர்களைப் பற்றி எப்போது எழுதப் போகிறேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விவசாயத்துக்கும் காட்டுக்கும் வழிகாட்டிய முன்னோடிகளுக்குக் காரியாலயச் சுவர்களில் படம் உண்டு. வருடத்துக்கொரு முறை மாலையும் உண்டு. மாலை வாங்குவதற்கு விலைமனு கோர வேண்டும் என்பது நடைமுறை. நானே பல தடவை கோரியிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் கண்முன்னே ஒரு மலையைக் காப்பாற்றியவர் மிஸ் நாகேஸ்வரிதான். அவருக்குப் படம் இல்லை. ஆகவே இந்த வாரம் அவருக்கு.

அவர் வடக்கிலிருந்து வந்தவர். பேராதனையில் படித்து, அங்கேயே தங்கி, எங்கள் பக்கத்து மலைகளைக் கால்நடையாக அளந்தவர். மழைநாளில் அவருடன் பேராதனைப் பாலத்தைக் கடப்பது ஒரு தண்டனை. பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்து ஆற்றைப் பார்ப்பார். மகாவலி பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் போகும்.

"பாத்தீங்களோ, அந்தா போகுது புசல்லாவை" என்பார். "அதுக்குப் பின்னால தெல்தோட்டை. எல்லா மலையும் கடலுக்குப் போகுது, நாங்கள் பஸ்ஸில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறம்."

"மிஸ், டிக்கட் எடுங்க" என்பார் நடத்துநர்.

"எங்கட ஊரில ஆறு எண்டு ஒண்டும் இல்லை, மிஸ்டர் சேகரன். கிணத்தில ஊறுற தண்ணியை வாளி வாளியா அள்ளி வாழுற ஆக்கள் நாங்கள். தண்ணி எங்க இருந்து வருது எண்டு எங்களுக்கு யோசிக்காமல் இருக்கேலாது" என்பார் என் பக்கம் திரும்பி.

மலைச்சரிவில் குறுக்கு வரிசையாக வேலிமரம் நட்டு மண்ணைப் பிடித்துவைக்கலாம் என்று இந்தப் பக்கத்தில் முதலில் செய்து காட்டியவர் அவர். மூன்று தடி, ஒரு நூல், நூலில் கட்டிய கல். சரிவை அளக்க அவ்வளவுதான் அவருடைய கருவி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு காரியாலயத்துக்குள் வருவார். வாசலில் காவலாளி ஒவ்வொரு முறையும் அது என்னவென்று கேட்பார். அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். அரச சேவையில் அத்தகைய பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பாண் வரிசைக் காலம்

அரிசி இல்லை, மா இல்லை. எழுபதுகளின் நடுவில், விடியற்காலையில் பாண் என்ற ரொட்டிக்காகக் கடைக்கு முன்னால் வரிசை நின்ற காலம் அது. கண்டி நகரத்திலேயே நாங்கள் மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் தின்று பழகிக்கொண்டோம். தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைக்காரக் கம்பனிகள் போய், அரசாங்கம் தோட்டங்களைப் பொறுப்பேற்றிருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மட்டும் மாறவில்லை. ஆள் மாறினார், பதவி அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஓர் அரசாங்கச் சுற்றுநிருபம் வந்தது. பயன்படாமல் கிடக்கும் நிலமெல்லாம் உணவுப் பயிருக்குக் கொடுக்கப்பட வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு அது சொந்தமாகாது. ஒரு போகத்துக்கு அனுமதி மட்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பதால், அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அதற்கு மேல் கொடுக்க விதி இடம் தராது. அதற்குக் கீழே கொடுக்க எதுவும் இல்லை.

தோட்டத்து வரைபடத்தில் அந்த மலையுச்சிக் காடு 'தரிசு' என்று குறிக்கப்பட்டிருந்தது. தேயிலை இல்லாத நிலம் எதுவும் படம் வரைந்த வெள்ளைக்காரருக்குத் தரிசுதான். துரை அதைக் கொடுக்க உடனே சம்மதித்தார். தேயிலையில் ஒரு செடியும் குறையாது. லயத்து ஜனங்களும் சம்மதித்தார்கள். அவர்களுக்குப் பசி.

அந்தக் காட்டின் அடிவாரத்தில்தான் பீலி இருந்தது. மலையில் ஊறும் தண்ணீரைத் தகரக் குழாய் வைத்து விழவிடுவதைப் பீலி என்பார்கள். எல்லா லயங்களும் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். காட்டை வெட்டினால் பீலி வற்றும், கிண்டிய மண் ஒரு பெருமழையில் லயத்தின் மேல் இறங்கும் என்று மிஸ் நாகேஸ்வரி எழுதிக் கொடுத்தார். அவருடைய அறிக்கையைக் கோவையில், அதாவது காரியாலயக் கோப்பில், சேர்த்தோம். கோவையில் சேர்ப்பது என்றால் என்னவென்று ஓய்வுபெற்றவர்களுக்குத் தெரியும்.

பீலிக்கரையில்

ஒருநாள் நானும் அவருடன் அங்கே போயிருந்தேன். பீலிக்கரையில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நடுவில் பேச்சியம்மா. கொழுந்து எடுக்கும் பெண்களில் அவர் சொல்வதுதான் சட்டம். காட்டைப் பங்கு கேட்டுத் துரையிடம் முதலில் போனவரும் அவர்தான்.

"ஒங்க மண்ணு மிஸ்ஸி வந்துட்டாங்கடி" என்றார் மற்றவர்களைப் பார்த்து. பிறகு இவரிடம், "மிஸ்ஸி, காட்ட வெட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"ஓம், குடுத்தனான். வெட்டினால் இந்தத் தண்ணி நிண்டுபோகும்."

"தண்ணி நிக்கட்டும். வெறுந் தண்ணியக் காய்ச்சி எம்புள்ளைகளுக்குக் குடுக்கவா? இல்ல, மரத்தப் புடுங்கித் திங்கச் சொல்றீங்களா?"

"அவங்க காலையில பாணுக்குப் பட்டர் பூசித் தின்னுட்டு வந்திருப்பாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பட்டர் எங்க இருக்கு" என்றார் மிஸ். "பாணே இல்லை."

சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீங்க நல்லவங்கதான் மிஸ்ஸி. ஆனா ஒங்களுக்குப் பசிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் கலஹா பஸ்ஸில் மிஸ் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"வேண்டாம். அவ சொல்லுறது சரி" என்றார். "பசியோட நிக்கிறவளுக்கு நாளைய தண்ணியைப் பற்றிக் கதைக்கேலாது. காட்டை விடுங்கோ எண்டு கேக்கிறதுக்கு முதல், வேற காணி காட்ட வேணும். நான் அதைச் செய்யேல்லை."

அடுத்த வாரங்களில் அவர் மூன்று தடியோடு அந்தத் தோட்டத்தை மறுபடி அளந்தார். பிறகு ஒரு பிற்பகல் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பங்கு பிரிக்கிற கூட்டத்தை எங்க வைக்க வேணும், மிஸ்டர் சேகரன்?"

"விதிப்படி அந்தக் காணியிலேயே. வழக்கப்படி துரையின் பங்களா விறாந்தையில். தேத்தண்ணியும் கட்லட்டும் வரும்."

"விதியில கட்லட் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப விதிப்படி செய்வம். பெரிய ஐயா ஒருக்கா அந்தச் சரிவில கதிரை போட்டு இருந்து பாக்கட்டும். சரி, தட்டை நிலத்தைப் பற்றி என்ன போட்டிருக்கு?"

எங்கள் காரியாலயத்தில் சுற்றுநிருபத்தின் இரண்டாம் பக்கத்தையும் படிப்பவன் நான் ஒருவன்தான். அதில் இருந்தது. சரிவு நிலத்தைத் தொடுவதற்கு முன் தட்டை நிலம் முழுவதும் கொடுக்கப்பட வேண்டும்.

"அந்தத் தோட்டத்தில தட்டையா ஒரு இடம்தான் இருக்கு" என்றார் அவர். "நல்ல கறுத்த மண். இப்ப அதில புல்லுத்தான் விளையுது."

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. துரையின் பங்களாவுக்கு முன்னால் உள்ள புல்தரை.

கதிரை சரிந்தது

இப்படித்தான் மேசை மலையேறியது. மேலதிகாரியிடம் விதியைக் காட்டினேன். அவர் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். உடம்பு கொஞ்சம் பெரிது. மூச்சு வாங்க வாங்க ஏறினார்.

காட்டோரத்தில் மேசையை வைத்தார்கள். மேல்பக்கக் கால்கள் இரண்டும் மண்ணில் நின்றன. கீழ்ப்பக்கக் கால்கள் இரண்டும் காற்றில் நின்றன. கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். மைப்புட்டி உருண்டது. பேச்சியம்மா அதைப் பிடித்துத் திரும்ப வைத்தார். அது மறுபடி உருண்டது.

மேலதிகாரி கதிரையில் உட்கார்ந்தார். பின்கால்கள் ஈர மண்ணில் மெல்லப் புதைந்தன. ஓர் அரசாங்கக் கோவை நகரும் வேகத்தில், எந்தப் பதற்றமும் இல்லாமல், அவர் பின்பக்கமாகச் சரிந்தார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். துரையும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். எழுந்தபோது அவருடைய காலுறையில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் இரண்டு இருந்தன.

மிஸ் நாகேஸ்வரி அவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி தமிழிலும் சொன்னார்.

"ஒரு கதிரையைத் தாங்காத மண் இது. இதைக் கிண்டிப் போட்டால் மழையைத் தாங்குமோ?"

பேச்சியம்மா கீழே லயத்துக் கூரைகளைப் பார்த்தார். அவை நேர் கீழே இருந்தன.

"தட்டையான இடத்துக்கு மேசையைக் கொண்டுபோங்கள்" என்றார் மேலதிகாரி, அட்டையைப் பிடுங்கிக்கொண்டே.

"தட்டையான இடம் ஒண்டு இருக்கு, சேர்" என்றார் மிஸ்.

பங்களா வாசலில்

அந்தப் புல்தரையைப் பற்றி ஒரு சொல். பங்களாவுக்கு வரும் தொழிலாளி அதில் கால்வைக்கக் கூடாது. செங்கல் வரம்பைச் சுற்றி, பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கமாக வர வேண்டும். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. எழுதிவைத்திருந்தால் நானே அதில் ஒரு விலக்கைக் கண்டுபிடித்திருப்பேன். எழுதாததால் அதை மீற வழியே இருக்கவில்லை.

மேசையைத் தூக்கியவர்கள் பாரத்தோடு இருந்ததால் யோசிக்காமல் உள்ளே போய் இறக்கிவிட்டார்கள். இறக்கியதும் தங்கள் கால்களைப் பார்த்துவிட்டு வரம்புக்கு வெளியே ஓடினார்கள். மேலதிகாரி உட்கார்ந்தார். கதிரை அசையவில்லை. அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது.

நான் முதற் பெயரை வாசித்தேன். "பேச்சியம்மா."

கூட்டம் முழுவதும் வரம்புக்கு வெளியே நின்றது. யாரும் நகரவில்லை. விதி என்னவென்றால், விண்ணப்பித்தவர் மேசைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் அன்றைய பங்கு இரத்து. இரத்தானால் பழைய ஏற்பாடுதான்: காடும் கத்தியும். எனக்கு அது தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். மறுபடி வாசித்தேன்.

மிஸ் வரம்புக்குப் போனார்.

"என்னால ஏலாது மிஸ்ஸி" என்றார் பேச்சியம்மா, சன்னக் குரலில். "நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க காலையில வேலைக்குப் பேரு குடுக்க, இதே தொர முன்னால பெரட்டுக்கு நிக்கணும்."

"ஓம். நான் போயிடுவன்" என்றார் மிஸ். குனிந்து சப்பாத்தைக் கழற்றி வரம்புக்கு வெளியே வைத்துவிட்டு, பேச்சியம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அப்ப நீங்களே மொத அடி வைங்க."

"காணி எனக்கில்லை. நீங்கள்தான் வைக்க வேணும்."

பேச்சியம்மா துரையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய பிள்ளைகள் நின்ற பக்கம் பார்த்தார். தலையை மூடியிருந்த கொங்காணித் துணியைச் சரிசெய்துகொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். பெருவிரலால் புல்லை அழுத்திப் பார்த்தார்.

"அடியே" என்றார் திரும்பி, பின்னால் நின்ற பெண்களிடம். "மெத்த மாதிரி இருக்குடி. இத்தன நாளும் ஏமாத்திட்டாங்கடி."

அதற்குப் பிறகு எனக்குப் பெயர் வாசிக்கும் வேலை இருக்கவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள்.

துரை மேலதிகாரியிடம் குனிந்து, இது பூந்தோட்டம், இதைத் தரிசு என்று சொல்ல முடியாது என்றார்.

"இதில் என்ன விளைகிறது?" என்று கேட்டார் மேலதிகாரி.

"புல்."

"புல்லை என்ன செய்கிறீர்கள்?"

"வெட்டுகிறோம்."

"வெட்டிய புல்லை?"

துரை கொஞ்சம் தயங்கி, "எரிக்கிறோம்" என்றார்.

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் இரண்டாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தேன். அவர் படித்தார், கையெழுத்திட்டார், முத்திரை குத்தினார். மேசை கொஞ்சமும் ஆடவில்லை. அவர் அப்படி முடிவெடுத்ததற்குக் காரணம் காட்டின் மேல் உள்ள அக்கறையா, அட்டையா என்று நான் ஆராயவில்லை. காட்டுக்கு எதுவானாலும் நன்மைதான்.

அதன் பிறகு

புல்தரையும், அதோடு ஒட்டியிருந்த, வெள்ளைக்காரர் பந்தடித்த மைதானமும் பங்கு பிரிக்கப்பட்டன. போதாத குடும்பங்களுக்கு மிஸ் தேயிலை செத்துப்போன வெற்றிடங்களைக் காட்டினார். அங்கே குறுக்கு வரிசையாக வேலிமரம் நட்ட பிறகுதான் கிழங்கு என்று கட்டாயப்படுத்தினார். பேச்சியம்மா அவருடன் அதற்கும் சண்டை போட்டார். சண்டை போட்டுக்கொண்டே நட்டார்.

துரைக்குக் கோபம் தணிய ஒரு போகம் ஆனது. முதல் கிழங்கை அவித்து, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு பேச்சியம்மா பங்களாவுக்கு அனுப்பினார். குசினி வழியாக அல்ல, முன்வாசல் வழியாக. துரை சாப்பிட்டார் என்று சமையற்காரர் சொன்னார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டதாகவும் சொன்னார். கடைசிச் செய்தியை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

பீலிக்கு மேலே மரம் வெட்டுவதில்லை என்ற வழக்கம் அந்தத் தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் போனது. வேலிமர வரிசையைப் பார்க்க வேறு மாவட்டங்களிலிருந்து உத்தியோகத்தர்கள் வந்தார்கள். இப்போது அதே வேலையை வெளிநாட்டு உதவியோடு, பெயர்ப்பலகை நட்டுச் செய்கிறார்கள். நல்லதுதான். பலகையும் கொஞ்சம் மண்ணைப் பிடிக்கும்.

மிஸ் நாகேஸ்வரிக்கு இடமாற்றம் வந்தது. 'சேவையின் தேவை கருதி' என்று போட்டிருந்தது. அநுராதபுரத்துக்கும் அப்பால், குளமெல்லாம் வெடித்துக் கிடந்த ஒரு பிரதேசம். மூன்று தடியையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிரிவுபசார விருந்து வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஊரில் மலையே இல்லையே, இதை எதற்குக் கொண்டுபோகிறீர்கள் என்று காவலாளி கேட்டார். தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு எங்க போனாலும் பாக்கத்தானே வேணும் என்றார் மிஸ்.

பவுசர்

சில வருடங்கள் கழித்து மழை பொய்த்தது. கண்டி வாவியின் ஓரத்தில் சேறு தெரிந்தது. மலைத்தோட்டங்களில் பீலிகள் ஒவ்வொன்றாக நின்றன. தண்ணீர் பவுசர்களை அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. கலஹாப் பக்கத்துக்கு நானே ஒரு பவுசரோடு போனேன். வழியெல்லாம் பெண்கள் வெறுங்குடத்தை ஆட்டி நிறுத்தச் சொன்னார்கள்.

அந்தத் தோட்டத்தில் பவுசரை நிறுத்தியபோது ஒருவரும் ஓடிவரவில்லை. பேச்சியம்மா கொழுந்துக் கூடையோடு மெதுவாக இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது.

"என்னாங்கய்யா, தண்ணி வண்டியா?"

"ஆமாம். இந்த லயத்துக்கும் சேர்த்துத்தான்."

"எங்களுக்கு வேணாங்கய்யா. கீழ்த்தோட்டத்துக்குக் குடுங்க. அவங்கதான் பாவம், அவங்க பீலிக்கு மேல இருந்த காட்ட வெட்டிப்புட்டாங்க. ராத்திரியெல்லாம் இங்க வந்து புடிச்சிட்டுப் போறாங்க."

என் சேவைக் காலத்தில், அரசாங்கம் கொடுக்க வந்ததை ஒரு தோட்டம் வேண்டாம் என்று சொன்னது அன்று மட்டும்தான். எந்தப் படிவத்திலும் அதற்கு ஓர் இடம் இல்லை. சாரதி என்னைப் பார்த்தார். நான் பீலிப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். பெருவிரல் அளவுதான் விழுந்தது. ஆனால் விடாமல் விழுந்தது. மேலே காடு இருட்டாக நின்றது. கையில் ஏந்திக் குடித்தேன். பல் கூசியது.

திரும்பி வந்தபோது பேச்சியம்மா பவுசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மண்ணு மிஸ்ஸி இப்ப எங்கங்கய்யா இருக்காங்க?"

சொன்னேன். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அநுராதபுரத்துக்கு அங்கிட்டு, வெயில் கடுமையான இடம் என்றேன். அவர் கூடையைத் தோளில் மாற்றிக்கொண்டார். அவருடைய வாயிலிருந்து மிஸ்ஸுக்கு நன்றி என்று ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அன்றும் வரவில்லை.

"அவங்க இருக்கற எடத்துல தண்ணி இருக்காங்கய்யா?" என்று கேட்டார். "இல்லாட்டி, இந்த வண்டிய அங்கிட்டு அனுப்ப முடியுமா?"